கேட்டிலிருந்து நிலைப்படி வரை: டர்பன் வீட்டு வாசலுக்கு எளிய பண்டிகை அலங்காரம்

தங்கச்சி, உங்கள் கேள்வியை முதலில் சுருக்கமாக எழுதிவிடுகிறேன், படிக்கிற மற்றவர்களுக்கும் புரியட்டும். தென்னாப்பிரிக்காவில் நம் டர்பன் நகரத்து ஃபீனிக்ஸ் பகுதியில் புது வீட்டுக்கு வந்து உங்களுக்கு இது முதல் தீபாவளி. சின்ன வராந்தா, நாலு படி, கேட்டிலிருந்து வாசல் வரை பேவிங் கல், அதன் ஓரமாக ஒரு கீற்று மண். போன வருடம் பழைய வீட்டில் வாங்கி மாட்டிய பிளாஸ்டிக் தோரணமும் லைட்டும் ஒரே மழையில் வீணாகிவிட்டன. "செலவு குறைவாக, வெளியே தாங்குகிற மாதிரி, தீபாவளிக்குச் செய்ததை வைத்தே கிறிஸ்துமஸ், பொங்கல் வரை ஓட்ட முடியுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முடியும். ஜூலையிலேயே கேட்டது ரொம்ப நல்லதாகப் போயிற்று, ஏனென்றால் பூவுக்கு இப்போதே ஏற்பாடு செய்யலாம். நான் இதே டர்பனின் சாட்ஸ்வர்த் பகுதியில் முப்பது வருடமாக என் வீட்டு வாசலையும் பக்கத்துக் கோயில் வாசலையும் அலங்கரித்து வருகிறேன். அதில் கற்றுக்கொண்டதைச் சொல்கிறேன்.

ஒரு நாள் ராத்திரி, எல்லா விளக்கையும் அணைத்துவிட்டு, உங்கள் கேட்டுக்கு வெளியே தெருவில் போய் நில்லுங்கள். விருந்தாளி வருகிற மாதிரி மெதுவாக உள்ளே நடந்து வாருங்கள். கண் எங்கே எங்கே தங்குகிறது என்று கவனியுங்கள். பெரும்பாலும் மூன்றே இடம்தான்: கேட்டின் இரண்டு தூண்கள், படிக்கட்டு, வாசல் நிலை. உங்கள் பணம், நேரம், பூ, விளக்கு எல்லாம் இந்த மூன்று இடத்துக்கே போகட்டும். கூரை ஓரம், பக்கச் சுவர், மதில், தண்ணீர்த் தொட்டி எதையும் தொட வேண்டாம். அவை இருட்டாக இருந்தால்தான் படியில் வைத்த அகல் கண்ணில் படும். எல்லா இடத்திலும் கொஞ்சம் கொஞ்சம் தூவிய அலங்காரத்தைவிட, வருகிறவரின் கையைப் பிடித்து வீட்டுக்குள் கூட்டிக்கொண்டு போகிற ஒரே ஒரு வழி போதும்.

நம் ஊர்ப் பருவத்தை வைத்துத்தான் மற்றதெல்லாம். தமிழ்நாட்டு வீடியோக்களைப் பார்த்துவிட்டு அப்படியே செய்தால் இங்கே சரிப்படாது. டர்பனில் மழைக்காலம் அக்டோபரில் தொடங்கி மார்ச் வரை போகும். தீபாவளி, கார்த்திகை, கிறிஸ்துமஸ், பொங்கல், தைப்பூசக் காவடி எல்லாமே அந்த மழைக்குள்தான் வருகின்றன. மத்தியானம் வெயில் கொளுத்தும், நாலு மணிக்கு இடி இடிக்கும், தென்மேற்குக் காற்று திடீரென்று திரும்பும். கடல் பக்கத்தில் உப்புக்காற்றும் சேர்ந்துகொள்ளும். கம்பி, ஆணி, கொக்கி எல்லாம் ஒரு சீசனில் துரு ஏறிச் சுவரில் காவிக்கோடு விட்டுவிடும். அதனால் வெளியே மாட்டுவதற்குக் கம்பி வேண்டாம், சணலோ பருத்தி நூலோ போதும். ஆணி அடிக்கவும் வேண்டாம். ஜன்னலிலும் வாசலிலும் இருக்கிற பர்க்ளர் கார்டு இருக்கிறதே, அதுதான் நமக்குக் கிடைத்த மிகப் பெரிய வசதி. அந்த இரும்புக் கிராதியில் எதையும் கட்டலாம், எவ்வளவு காற்று அடித்தாலும் போகாது.

இன்னொரு விஷயம் சூரியன். தீபாவளி சமயத்தில் நமக்குக் காலை ஐந்து மணிக்கே விடிந்துவிடும். சாயங்காலம் ஆறு, ஆறேகால் வரை வெளிச்சம் இருக்கும். கிறிஸ்துமஸுக்கு ஏழு மணி ஆகிவிடும். நம் தமிழ் வீடுகளில் தீபாவளி விடியற்காலை எண்ணெய்க் குளியலோடு தொடங்குவதால், விடிவதற்கு முன் விளக்கு எரிய வேண்டும் என்றால் நாலு மணிக்கே ஏற்ற வேண்டும். கோலம், தோரணம் எல்லாம் முந்தின நாள் இரவே முடிந்திருக்க வேண்டும். அப்புறம், நமக்குச் சதுர்த்தசி கணக்கு, பக்கத்து இந்திக்கார வீடுகளுக்கு அமாவாசை கணக்கு. சில வருடம் இரண்டும் ஒரே நாளில் வரும், சில வருடம் அடுத்தடுத்த நாளில் வரும். எப்படி வந்தாலும் நான் இரண்டு சாயங்காலமும் விளக்கு ஏற்றுகிறேன். பக்கத்து வீட்டார் விளக்கு வைக்கிற நேரத்தில் நம் படி இருட்டாக இருக்கக் கூடாது. அதனால் நீங்கள் செய்கிற அலங்காரம் இரண்டு நாள் தாங்க வேண்டும் என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சரி, முதலில் விளக்கு.

மண் அகல் இருபது வாங்குங்கள். முப்பது, நாற்பது வேண்டாம். நாலு படிக்குப் பக்கத்துக்கு ஒன்றாக எட்டு, நிலைப்படிக்கு இரண்டு, கேட் தூணுக்கு இரண்டு, துளசிக்கு ஒன்று, மீதி உடைந்தால் மாற்றுவதற்கு. புது அகலை முந்தின நாள் தண்ணீரில் சில மணி நேரம் ஊறவைத்து நிழலில் காயவையுங்கள். இல்லையென்றால் ஊற்றுகிற எண்ணெயைப் பாதிக்கு மேல் மண்ணே குடித்துவிடும், அடியிலும் கசிந்து டைல்ஸில் வட்டம் வட்டமாகக் கறை நிற்கும். ஊறவைத்தாலும் கொஞ்சம் கசியத்தான் செய்யும். அதனால் ஒவ்வொரு அகலுக்கு அடியிலும் ஒரு துண்டு வாழையிலை வையுங்கள். கறையும் படியாது, பச்சையின் மேல் சிவப்பு மண் பார்க்கவும் அழகு. நல்லெண்ணெய் இங்கே விலை அதிகம். சாமி அறை விளக்குக்கு நல்லெண்ணெய் ஊற்றுங்கள், வெளியே வைப்பதற்குச் சூரியகாந்தி எண்ணெய் போதும். இந்த நாட்டிலேயே விளைகிற எண்ணெய், நன்றாக எரிகிறது. திரியை எண்ணெயில் நன்றாக ஊறவைத்து, நுனியில் அரிசியளவு மட்டும் வெளியே விடுங்கள். நீளமாக விட்டால் புகையும் கரியும்தான் வரும்.

காற்றுக்கு என்ன செய்வது? இதைத்தான் எல்லோரும் கேட்கிறார்கள். ஊறுகாய், ஜாம் வாங்கிய அகன்ற வாய்க் கண்ணாடிச் சாடிகளை இன்றிலிருந்தே சேர்த்து வையுங்கள். அடியில் இரண்டு விரல் உயரம் மணல் போட்டு, அதன்மேல் சின்ன அகலோ, தட்டு மெழுகுவத்தியோ வைத்தால் எந்தக் காற்றும் அணைக்காது. மணல் இருப்பதால் சாடி உருளாது, சூட்டில் அடிக்கண்ணாடி வெடிப்பதும் குறையும். கேட் தூணின் மேலும் தோட்டத்திலும் சாடி. படியிலும் நிலைப்படியிலும் திறந்த அகல். படியில் காற்று பட்டு இரண்டு அணைந்தால் மறுபடி ஏற்றிக்கொள்ளலாம், பக்கத்தில்தானே இருக்கிறது. படியின் நடுவில் மட்டும் எக்காரணம் கொண்டும் வைக்காதீர்கள். புடவை முந்தானை, பட்டுப்பாவாடை, ஓடுகிற பிள்ளைகள். சுவர் பக்க ஓரத்தில் மட்டும் வையுங்கள், நடக்க இரண்டு பேர் அகலம் விடுங்கள். காகிதப் பைக்குள் மெழுகுவத்தி வைக்கிற வழக்கத்தைச் சிலர் படத்தில் பார்த்துச் செய்கிறார்கள். நம் காற்றுக்கு அது வேண்டவே வேண்டாம்.

முதல் மழைக்குப் பிறகு ஈசல் கிளம்புமே, அது சரியாகத் தீபாவளி நாட்களில்தான் வரும். வராந்தாவின் வெள்ளை டியூப் லைட் எரிந்தால் ஊரில் இருக்கிற ஈசல் முழுவதும் உங்கள் அகலில் விழும். அந்த லைட்டை அணைத்துவிடுங்கள். மஞ்சள் ஒளிக்கு ஈசல் குறைவாகவே வரும். அதனால்தான் சீரியல் லைட் வாங்கும்போதும் மஞ்சள் ஒளியாகப் பாருங்கள். கடையில் வார்ம் ஒயிட் ஃபேரி லைட் என்று கேட்க வேண்டும். எண்ணெய் விளக்கின் நிறத்தோடு அதுதான் ஒத்துப்போகும். நீலமும் பச்சையுமாகக் கண் சிமிட்டுகிற லைட்டை அகலுக்குப் பக்கத்தில் வைத்தால் அகல் செத்துப்போய்விடும். இது என் ரசனை என்று வைத்துக்கொண்டாலும், ஒரு தடவை இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தெரியும்.

லைட் விஷயத்தில் நான் பட்டதைச் சொல்ல வேண்டும். பல வருடம் முன்னால் ஒரு தீபாவளிச் சாயங்காலம், வீட்டுக்குள் மாட்டுகிற லைட்டை வெளியே தோட்டத்தில் போட்டிருந்தேன். தூறல் விழுந்ததும் எர்த் லீக்கேஜ், அதாவது மின்கசிவு வந்தால் தானாக அணைக்கிற சுவிட்ச், விழுந்து வீடு முழுக்க இருட்டு. அடுப்பில் பலகாரம், உள்ளே விருந்தாளிகள். மறுபடி மறுபடி சுவிட்சைத் தூக்கிவிட்டேன், மறுபடி மறுபடி விழுந்தது. அது விழுந்ததுதான் நல்லது என்று பிறகுதான் புரிந்தது. 30 மில்லி ஆம்பியர் அளவு மின்சாரம் கசிந்தாலே துண்டித்துவிடும்படி அதை வைத்திருப்பது நம் உயிரைக் காப்பாற்றத்தான். அது விழுந்தால் தூக்கிவிடாதீர்கள். முதலில் வெளி லைட்டின் பிளக்கைப் பிடுங்குங்கள்.

வாங்கும்போது பெட்டியில் ஐபி என்று போட்டு ஒரு எண் இருக்கும். ஐபி 44 என்றால் சாரல் தாங்கும், வராந்தாக் கூரைக்குக் கீழே போதும். திறந்தவெளியில் மரத்தில் சுற்ற ஐபி 65 பாருங்கள். ஐபி 20 என்றால் வீட்டுக்குள் மட்டும்தான். லைட் தாங்கினாலும் பிளக்கும் எக்ஸ்டென்ஷன் இணைப்பும் தாங்காது என்பதை மறக்கக் கூடாது. பிளக்கை வீட்டுக்குள்ளேயே வைத்து, வயரை மட்டும் ஜன்னல் வழியாக வெளியே விடுங்கள். வயர் ஜன்னலுக்குள் நுழைவதற்கு முன்னால் ஒரு வளைவு கீழே தொங்கும்படி விட்டால், மழைத்தண்ணீர் வயர் வழியே உள்ளே போகாமல் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். இவ்வளவுதான் வேலை.

மின்கட்டணம் பற்றிக் கவலை வேண்டாம். நூறு எல்இடி உள்ள ஒரு சரம் ஐந்து, ஆறு வாட்தான் எடுக்கும். தினம் ஐந்து மணி நேரம், பத்து நாள் எரித்தாலும் மூன்றில் ஒரு பங்கு யூனிட்டைத் தாண்டாது. யூஎஸ்பியில் எரிகிற சரமாக வாங்கினால் பவர் பாங்கிலேயே எரியும். 2023-இல் லோட் ஷெட்டிங் என்கிற முறைவைத்த மின்வெட்டு நிலை 6 வரை போன வருடம், எங்கள் தெருவில் எல்லா வீடும் இருண்டிருந்தபோது அந்தச் சரம்தான் எங்கள் படியில் எரிந்தது. அன்றிலிருந்து வேறு சரம் வாங்கவில்லை. ஐந்து வோல்ட்தான் என்பதால் பிள்ளைகள் தொட்டாலும் பயமில்லை.

எங்கே சுற்றுவது? உங்கள் மண் கீற்றில் ஒரு ஃப்ராஞ்சிபானி இருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஊரில் ஈழத்தலரி என்பார்களே, அதுதான். அது போதும், வேறு மரம் வேண்டாம். தீபாவளி சமயத்தில் அதில் இலை அப்போதுதான் விட ஆரம்பித்திருக்கும். மொட்டைக் கிளைகளின் வளைவு லைட்டுக்கென்றே செய்த மாதிரி இருக்கும். அடிமரத்திலிருந்து மேலே நோக்கி, சுற்றுக்குச் சுற்று நாலு விரல் இடைவெளி விட்டுச் சுற்றுங்கள். இருபது சென்டிமீட்டர் தடிமனுள்ள அடிமரத்தில் பத்து மீட்டர் சரம் ஏறக்குறைய பதினாறு சுற்று வரும், ஒன்றேகால் மீட்டர் உயரம் ஏறும். அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள். கிளை ஒடிந்தால் பால் வடியும், தோலில் அரிக்கும், கையைக் கழுவிவிடுங்கள்.

இரண்டு இடத்தில் எதையும் கட்டக் கூடாது. ஒன்று, மதிலின் மேல் இருக்கிற மின்வேலி. தோரணத்தின் ஒரு இலை பட்டாலும் அலாரம் அடித்துக்கொண்டே இருக்கும், கட்டப் போகிற கைக்கும் ஆபத்து. இரண்டு, மோட்டாரில் ஓடுகிற கேட். ஓடுகிற கதவில் மாலை கட்டினால் சக்கரத்தில் சிக்கும். தூணில் இருக்கிற சென்சார் கண்ணை இலை மறைத்தால் கேட் மூடவே மூடாது. என் மருமகன் வீட்டில் இப்படி ஒரு பண்டிகை இரவு முழுக்கக் கேட் திறந்தே கிடந்தது. தூணில் கட்டுங்கள், சென்சாருக்கு மேலே.

இப்போது தோரணம். எனக்கு மிகவும் பிடித்த வேலை இது, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

பிளாஸ்டிக் தோரணத்தை விட்டுவிடுங்கள். வெயிலில் வெளுத்து, காற்றில் கிழிந்து, கடைசியில் கால்வாயில்தான் போய் நிற்கும். நம் ஊரில் மாமரத்துக்குப் பஞ்சமே இல்லை. உங்கள் வீட்டில் இல்லையென்றால் நாலாவது வீட்டில் இருக்கும், கேட்டால் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். வசந்த காலத்தில் செம்பு நிறத்தில் தளிர் விட்டிருக்கும், அதைப் பறிக்காதீர்கள், ஒரு மணி நேரத்தில் துவண்டுவிடும். முற்றிய கரும்பச்சை இலை, ஒரே அளவாக இருபத்தொன்று. முந்தின நாள் மாலையில் பறித்து, கழுவி, ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். காம்புப் பக்கத்தைச் சணலின் மேல் மடித்து, துடைப்பக் குச்சித் துண்டால் குத்தினால் போதும். ஸ்டேப்பிளர் பின் வேண்டாம், துரு ஏறும். மாவிலை காய்ந்தாலும் சுருளாமல் வடிவாக நிற்கும், மழை பட்டால் இன்னும் பளபளக்கும். வேறு எந்த இலையும் அப்படி இல்லை.

தமிழ்நாட்டில் தென்னங்குருத்தில் கிளி, மணி என்று பின்னுவார்கள். டர்பனில் தென்னை அவ்வளவாக வருவதில்லை. ஆனால் பாதி வீட்டுத் தோட்டங்களில் அரீக்கா பனை புதராக வளர்ந்து நிற்கிறது. அதன் இளம் ஓலை குருத்தோலை மாதிரியே வளையும். சின்னச் சின்ன மடிப்பு மடித்து, மாவிலைகளுக்கு நடுவே தொங்கவிட்டால் ஊர்த் தோரணமேதான். வாசல் பக்கம் வாழைமரம் கட்ட ஆசை இருந்து வாழை கிடைக்கவில்லை என்றால், இந்த மண்ணிலேயே பிறந்த ஸ்ட்ரெலிட்சியா இருக்கிறது. நம்மவர்கள் காட்டு வாழை என்பார்கள். பெரிய இலை இரண்டு வெட்டி, ஈரமணல் போட்ட வாளியில் நட்டு, வாளியைத் தூணோடு சேர்த்துக் கட்டுங்கள். தண்ணீர் இருப்பதால் இரண்டு நாளும் நிமிர்ந்து நிற்கும். குலையோடு கூடிய வாழை கட்டுவதானால் குரங்கைப் பற்றி நினைத்துக்கொள்ளுங்கள். பழுத்த குலையை விடியற்காலையில் வாசலில் விட்டுவிட்டுக் குளிக்கப் போனால் திரும்பி வரும்போது தோலும் கிழிந்த இலையும்தான் இருக்கும். காய்க்குலையாகப் பாருங்கள், அல்லது பூவோடு கூடிய மரமாக. தோரணத்தில் தின்கிற பொருள் எதுவும் வேண்டாம். கும்பத்துத் தேங்காயையும் உள்ளேயே வையுங்கள்.

அரளியைப் பற்றி ஒரு எச்சரிக்கை. செவ்வரளியும் மஞ்சள் அரளியும் தெருவெல்லாம் பூத்திருக்கும், கோயிலுக்கும் பறிப்போம். இலை, பூ, காய் எல்லாமே விஷம். நாய்க்குட்டியும் தவழ்கிற பிள்ளையும் இருக்கிற வீட்டில் கைக்கு எட்டுகிற உயரத்தில் கட்டாதீர்கள். அம்மன் பூசைக்கு வேப்பிலைக்குப் பதில் நாம் கட்டுகிற, வேம்பு மாதிரி இலையுள்ள சிரிங்கா மரத்துக்கும் இதே எச்சரிக்கைதான். அதன் காய் விஷம். இலையை மட்டும் எடுத்துக் காய்க்கொத்தை நீக்கிவிடுங்கள்.

மாலைக்குச் செண்டுமல்லி. பெயர்தான் ஆப்பிரிக்கன் மேரிகோல்ட். அதன் பிறப்பிடம் மெக்சிகோ. நம் முன்னோர் ஊருக்கும் அது வந்தது, இந்த ஊருக்கும் வந்தது, இரண்டு இடத்திலும் சாமிக்கு ஆயிற்று. 90 சென்டிமீட்டர் அகலமுள்ள வாசலில் மாலை வளைந்து தொங்க வேண்டும் என்றால் ஒன்றரை மடங்கு நீளம், அதாவது 135 சென்டிமீட்டர் வேண்டும். காம்பைக் கிள்ளிவிட்டு நடுவில் ஊசி விட்டுக் கோத்தால் ஒரு பூ இரண்டரை, மூன்று சென்டிமீட்டர் இடம் பிடிக்கும். ஆக ஐம்பது பூ. பண்டிகைக்கு முந்தின நாள் கடையில் விலை ஏறியிருக்கும். ஆனால் ஐம்பது பூ உங்கள் மண் கீற்றிலேயே வரும். விதைத்து எட்டு முதல் பத்து வாரத்தில் பூக்கிற செடி இது. தீபாவளித் தேதியிலிருந்து பத்து வாரம் பின்னால் எண்ணி, அந்த வாரம் விதையுங்கள். பத்துச் செடி போதும். ஒரு சாண் உயரம் வந்ததும் நுனியைக் கிள்ளுங்கள், பக்கக் கிளை விட்டுப் பூ இரண்டு மடங்காகும். குளிர்கால இரவு இன்னும் போகவில்லை என்றால் முட்டை அட்டைப்பெட்டியில் விதைத்துச் சமையலறை ஜன்னலில் வையுங்கள், இலை நாலு வந்ததும் மண்ணுக்கு மாற்றலாம். நத்தையைப் பாருங்கள், முதல் இரண்டு வாரம் அதுதான் எதிரி. தோட்டத்தில் செடியாக இருக்கும்போதே அதுவும் ஒரு அலங்காரம்தான். பாதையின் இரண்டு ஓரத்திலும் வரிசையாக நட்டுவிட்டால் வேறு எதையும் அங்கே குத்தி வைக்க வேண்டியதில்லை.

கோலத்துக்கு வருவோம். பேவிங் கல்லில் மெல்லிய அரிசி மாவு சந்துக்குள் போய்விடும், கோடு நிற்காது. நான் கொஞ்சம் கொரகொரப்பான வெள்ளை மீலி மாவை, அதாவது மக்காச்சோள மாவைப் போடுகிறேன். விரலிலிருந்து சீராக விழுகிறது, விலையும் குறைவு. எறும்புக்கும் குருவிக்கும் உணவு என்ற பழைய எண்ணமும் அதில் நிறைவேறுகிறது. கட்டம் கட்டமாகப் பதித்த பேவிங்கின் மூலைகளையே புள்ளியாக எடுத்துக்கொண்டால் தனியாகப் புள்ளி வைக்க வேண்டாம். நேர்புள்ளிக் கோலம் எல்லாமே அந்தக் கட்டத்தில் அழகாக உட்காரும். வராந்தா டைல்ஸ் மேல் மாக்கோலம் போடுங்கள். பச்சரிசியை இரண்டு மணி நேரம் ஊறவைத்து, நைசாக அரைத்து, மோர்ப் பதத்தில் கரைத்து, சின்னத் துணியை நனைத்து விரல் வழியே இழுத்தால் காய்ந்ததும் பளிச்சென்று வெள்ளையாக நிற்கும், சாரலுக்கு அவ்வளவு சீக்கிரம் போகாது. சுற்றிக் காவிக் கரை கட்டுங்கள். மாக்கோலம் ஈரமாக இருக்கும்போது டைல்ஸ் வழுக்கும், காயும்வரை யாரையும் அந்தப் பக்கம் விடாதீர்கள். கலர்ப்பொடி ரங்கோலியை மழைக்காலத்தில் வெளியே போட எனக்கு மனம் வருவதில்லை. ஒரு தூறலில் கலங்கிப் படி முழுக்கச் சேறாகிவிடும். கலர் வேண்டும் என்றால் பூவிதழ் போடுங்கள். நவம்பரில் போகன்வில்லாவும், உதிர்ந்த ஜக்கராந்தாவும் தெருவிலேயே கிடைக்கும். ஜக்கராந்தா நீலத்துக்குப் பக்கத்தில் செண்டுமல்லி ஆரஞ்சு வைத்துப் பாருங்கள், கடையில் வாங்குகிற எந்தப் பொடியிலும் அந்த நிறம் வராது.

கார்த்திகைக்குத் தனியாக எதுவும் வேண்டாம். அதே அகல்களைச் சோப்பு போடாமல் வெந்நீரில் அலசிக் காயவைத்து மறுபடி படியில் வையுங்கள்.

கிறிஸ்துமஸுக்கு உங்கள் மாமியார் வீட்டார் வருவதாகச் சொல்லியிருக்கிறீர்கள், அவர்கள் வேதக்காரர்கள் என்பதால் வாசல் அவர்களுக்கும் வரவேற்பாக இருக்க வேண்டும் என்று எழுதியது எனக்குப் பிடித்தது. மரத்து லைட்டை அப்படியே விடுங்கள். பஞ்சில் செய்த பனி, பைன் கிளை எல்லாம் நம் டிசம்பர் வெயிலுக்கு ஒட்டாது. அந்த மாதத்தில் இந்த மண்ணில் என்ன பூக்கிறதோ அதை எடுங்கள். ஹைட்ரேஞ்சியாவுக்கு இந்த நாட்டில் கிறிஸ்துமஸ் ரோஜா என்றே பெயர்; ஒரு மண்தொட்டி வாங்கி வராந்தா நிழலில் வைத்துத் தினம் தண்ணீர் விட்டால் பண்டிகை முழுக்க நிற்கும். அகபாந்தஸ் நீலமும் வெள்ளையுமாகச் சாலையோரமெல்லாம் பூக்கும், இந்த நாட்டுச் செடி, தண்டோடு வெட்டிச் சாடியில் வைத்தால் ஒரு வாரம் போகும். கதவில் மாட்டுகிற வளையத்துக்குக் கிரனடில்லா என்கிற பேஷன் ஃப்ரூட் கொடியை எடுங்கள். பச்சையாக இருக்கும்போது மூன்று சுற்றுச் சுற்றிக் கட்டிக் காயவிட்டால் கெட்டியான வளையம். அதில் மாவிலையும் சிவப்புப் போகன்வில்லாவும் செருகி மூன்று நாளுக்கு ஒருமுறை மாற்றினால் போதும், வளையம் பல வருடம் வரும்.

பொங்கலுக்குத்தான் என் மனசில் தனி இடம். 1860 நவம்பர் 16 அன்று, நம் முன்னோரை இங்கே ஏற்றிவந்த முதல் கப்பலான ட்ரூரோ டர்பன் துறைமுகத்துக்கு வந்தபோது அதில் 342 பேர் இருந்தார்கள். சென்னையிலிருந்து வந்தவர்கள், கரும்புத் தோட்டத்து வேலைக்காக. அவர்களுக்குக் கரும்பு என்றால் வேலையும் வேதனையும். அதே கரும்பை வாசலில் கட்டி அதற்கு மஞ்சள் குங்குமம் வைப்பதை நான் ஒரு வருடம்கூட விட்டதில்லை. ஜனவரியில் இங்கே ஆலைகள் ஓடாது, அறுவடை ஏப்ரல் வாக்கில்தான் தொடங்கும். ஆகவே தோட்டத்தில் கரும்பு நிற்கும், சந்தையில் அவ்வளவாக இருக்காது. பண்ணைக் கரும்பில் கை வைக்காதீர்கள். பக்கத்தில் யாராவது வீட்டில் தின்பதற்கு இரண்டு தூர் வைத்திருப்பார்கள், டிசம்பரிலேயே சொல்லிவையுங்கள். தோகையோடு இரண்டு கழி, வாசலின் இரண்டு பக்கமும் பர்க்ளர் கார்டில் மூன்று இடத்தில் சணலால் கட்டி, தோகை இரண்டையும் மேலே சேர்த்து முடிந்தால் வளைவு தானாக வந்துவிடும். தோகை ஓரம் கையை அறுக்கும், பிள்ளைகள் முகத்துக்கு எட்டாத உயரத்தில் இருக்கட்டும். மஞ்சள் கொத்து கட்டுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும்: நமக்குப் பருவம் தலைகீழ். செப்டம்பரில் நட்ட மஞ்சள் ஜனவரியில் இலையாகத்தான் இருக்கும், கிழங்கு இன்னும் திரளாது. செடியைப் பிடுங்கிவிடாதீர்கள். நாலு இலையை மட்டும் அறுத்துப் பானைக்கும் வாசலுக்கும் கட்டுங்கள், அந்த வாசனையே போதும்.

வாடியதை வாசலில் விட்டுவைக்கக் கூடாது என்று என் பாட்டி சொல்வார். மாவிலை காய்ந்தாலும் இருக்கட்டும். மாலையும் வாழையும் மூன்றாம் நாள் இறக்கி, சணலை அறுத்து, எல்லாவற்றையும் ஃப்ராஞ்சிபானி அடியிலேயே போட்டு மூடுங்கள். லைட் சரத்தை அட்டைத் துண்டில் சுற்றி டப்பாவில் வையுங்கள், முடிச்சு விழாது. செண்டுமல்லியில் நாலைந்து பூவை மட்டும் பறிக்காமல் செடியிலேயே காயவிட்டு விதை எடுங்கள். அடுத்த வருடத்துக்கும் பக்கத்து வீட்டுக்கும் ஆகும். இந்த வருடத்துக்கு நான் எடுத்து வைத்த விதை என்னிடம் ஒரு கவர் நிறைய இருக்கிறது. சனிக்கிழமை கோயிலுக்கு வருவீர்களானால் கொண்டு வருகிறேன்.